முதுகில் மோட்டார்.. தலைக்கு மேல் துணி! பாராமோட்டாரில் பறக்க ஆசையா? வெள்ளகோவில் காத்தை முதல்ல தெரிஞ்சுக்கோங்க

வெள்ளகோவில்:

பெலிக்ஸ் பாம்கார்ட்னரை ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்திரியா நாட்டுக்காரர். 2012-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதி பலூனில் சுமார் 39 கி.மீ. உயரத்துக்குப் போய் அங்கிருந்து குதித்தார். ஒலியை விட வேகமாக விழுந்து, கடைசியில் பாராசூட்டை விரித்து, தரையில் காலூன்றி நின்றார். உலகமே வாயைப் பிளந்து பார்த்தது.

அதே பாம்கார்ட்னர் 2025-ம் ஆண்டு ஜூலை 17-ந்தேதி இத்தாலியில் போர்த்தோ சாந்த் எல்பிதியோ என்ற கடற்கரை ஊரில் பாராமோட்டாரில் பறந்தார். கட்டுப்பாட்டை இழந்து ஓட்டல் நீச்சல் குளத்தின் ஓரத்தில் விழுந்து பரிதாபமாக இறந்தார். வயது 56.

39 கி.மீ. உயரத்தில் இருந்து குதித்தும் ஒன்றும் ஆகாத மனிதரை ஒரு துணி இறக்கையும் சின்ன மோட்டாரும் சாய்த்து விட்டது.

இத்தாலியில் நடந்ததை இங்கே ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம். விஷயம் இருக்குங்க. பாராமோட்டார் வீடியோக்கள் இப்போது எல்லார் செல்போனிலும் ஓடுகிறது. லைசென்சு கேட்பதில்லை, ரன்வே வேண்டாம், கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போகலாம் என்று வாலிபர்கள் ஆசைப்படுகிறார்கள். செகண்ட் ஹேண்ட் மெஷின் ஆன்லைனில் விற்பனைக்கு வருகிறது. நம்ம பக்கம் பார்த்தால் வெள்ளகோவில், காங்கயம், மூலனூர், தாராபுரம் என்று எங்கு பார்த்தாலும் பரந்த மேட்டாங்காடு. பறக்க இதை விட நல்ல இடம் வேறு எங்கே என்று தோன்றும்.

தோன்றும். ஆனால் அதே காட்டில் வரிசையாக காற்றாலைகள் நிற்கிறதே, அது ஏன் அங்கே நிற்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் பாதி விஷயம் புரிந்து விடும்.

மெஷின் எப்படி வேலை செய்யுது?

பாராமோட்டார் என்பது மூன்று சாமான். முதுகில் பை போல மாட்டிக்கொள்ளும் இன்ஜின், அதன் பின்னால் வலைக்கூண்டுக்குள் சுற்றும் காற்றாடி, தலைக்கு மேலே நூல்களில் தொங்கும் துணி இறக்கை. பறப்பவர் ஓடுவார். இறக்கை மேலே எழும்பும். இன்ஜினை முடுக்கியதும் பின்னால் இருந்து தள்ளும். நாலைந்து எட்டு வைத்தால் கால் தரையை விட்டுக் கிளம்பி விடும்.

இன்ஜின் ஒன்றும் பெரிய ராக்கெட் இல்லை. பழைய யெஸ்டி, ராஜ்தூத், டி.வி.எஸ். 50 ஓட்டியவர்களுக்கு நன்றாகத் தெரிந்த டூ ஸ்ட்ரோக் ரகம் தான். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். இழுத்து ஸ்டார்ட் பண்ண கயிறு இருக்கும். இன்ஜின், கூண்டு எல்லாம் சேர்த்து 20 முதல் 35 கிலோ எடை. ஒரு மணி நேரத்துக்கு 3 முதல் 5 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். புதுசாக செட் வாங்கினால் பல லட்சம் ரூபாய் ஆகும். அதனால் தான் பழைய சாமானைத் தேடி ஓடுகிறார்கள்.

இங்கே தான் நிறைய பேர் தப்புக்கணக்கு போடுகிறார்கள். இன்ஜின் தான் நம்மைத் தூக்கி வைத்திருக்கிறது, அது நின்றால் தொப்பென்று விழுந்து விடுவோம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தூக்கி வைத்திருப்பது துணி. இன்ஜின் தள்ளி மட்டும் விடுகிறது. 100 மீட்டர் உயரத்தில் இன்ஜின் நின்று போனால், இறக்கை ஒழுங்காக விரிந்து இருந்தால் அரை கிலோ மீட்டருக்கும் மேலே மிதந்து வந்து இறங்கலாம். இறக்கை மடங்கிப் போனால் எத்தனை குதிரை சக்தி இன்ஜின் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஆனால் வாங்குகிற ஆள் இன்ஜினைத் தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். "ஏனுங்க, எத்தனை சி.சி.?" என்பது தான் முதல் கேள்வி. துணி எத்தனை வருஷம் பழசு என்று கேட்பதே இல்லை.

தறிக்காரர்களுக்குத் தெரிந்த துணி

இந்த துணியைப் பற்றி நம்ம ஊர் ஆட்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும். வெள்ளகோவில், பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி சத்தம் கேட்காத தெரு ஏது?

இறக்கைக்குப் பயன்படுவது ரிப்ஸ்டாப் நைலான். சன்னமான நூலில் நெய்த துணியில், கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விட்டு பாவிலும் ஊடையிலும் தடித்த நூலை ஓட்டியிருப்பார்கள். உற்றுப் பார்த்தால் சின்னச் சின்ன கட்டம் தெரியும். ஒரு கட்டத்தில் கிழிந்தால் அடுத்த கட்டத்துக்குக் கிழிசல் ஓடாது. மேலே காற்று புகாதபடி பூச்சு கொடுத்திருப்பார்கள். 20, 25 சதுர மீட்டர் பரப்பு கொண்ட இறக்கை மொத்தமே 5, 6 கிலோ தான்.

இறக்கையின் முன்பக்கம் தைத்து மூடியிருக்காது. வரிசையாக வாய் திறந்த அறைகள். ஓடும்போது அதில் காற்று புகுந்து தலையணை உறை மாதிரி உப்பி, விமான இறக்கை போன்ற வடிவத்துக்கு வந்து விடும். உள்ளே எலும்பு கிடையாது, கம்பி கிடையாது. காற்று தான் அதற்கு எலும்பு. அந்த காற்று குறைந்தால் இறக்கை வெறும் துணியாகி விடும்.

வெயில் தான் இந்த துணிக்கு எமன். நம்ம ஊர் வெயிலில் நாள் கணக்கில் விரித்துப் போட்டால் பூச்சு போய், நூல் உளுத்து, துணி காற்றை விட ஆரம்பித்து விடும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். மேலே எழும்புவதற்கு மட்டும் சண்டித்தனம் பண்ணும். காற்றில் தொய்ந்து, திடீரென்று பின்னால் சரியும். அப்படிப்பட்ட பழைய இறக்கையைத் தான் பாதி விலைக்குக் கிடைத்தது என்று வாங்கி வருகிறார்கள். துணியில் காற்று எவ்வளவு கசிகிறது என்று அளக்கத் தனி கருவியே இருக்கிறது. நூல்களின் நீளத்தையும் அளக்க வேண்டும். சில நூல் இழுபட்டு நீளும், சில நூல் சுருங்கும். இரண்டு விரல் அளவு மாறினாலே இறக்கை ஒரு பக்கமாக இழுக்கும். வருடம் ஒரு முறையாவது இந்த சோதனை தேவை.

காளையைப் பழக்குவது மாதிரி

சரி, நல்ல இறக்கை கிடைத்து விட்டது. அடுத்து என்ன? இன்ஜினை மாட்டிக்கொண்டு ஓட வேண்டியது தானே?

ஒழுங்கான பயிற்சி ஆசிரியர் யாரும் அப்படி விடமாட்டார். முதல் சில நாட்கள் இன்ஜினையே தொட விடாமல் வெறும் இறக்கையோடு மைதானத்தில் நிறுத்தி விடுவார். இறக்கையைத் தலைக்கு மேல் எழுப்பு, நிறுத்திப் பிடி, இறக்கு. மறுபடி எழுப்பு. பட்டம் விடுகிற மாதிரி பார்க்க விளையாட்டாக இருக்கும். பத்து நிமிடத்தில் சட்டை தொப்பலாக நனைந்து விடும்.

காங்கயம் காளையைப் புதுசாகப் பிடித்துப் பழக்கியவர்களுக்கு இந்த வித்தை தெரியும். கயிற்றை விடவும் கூடாது, இறுக்கி இழுக்கவும் கூடாது. அது திமிறுவதற்கு ஒரு கணம் முன்னாடியே கை உணர வேண்டும். இறக்கையின் பின்ஓரத்தை இழுக்க இரண்டு கையிலும் இரண்டு பிடி இருக்கும். பிரேக் என்று சொல்வார்கள். இறக்கை முன்னால் பாய்ந்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். பின்னால் தொய்ந்தால் உடனே கையை உயர்த்தி விட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகவே நாமும் ஓடி அதற்கு அடியில் போய் நிற்க வேண்டும்.

காற்றே இல்லாத நேரத்தில் முன்பக்கம் பார்த்து ஓடிக் கிளம்புவார்கள். காற்று இருந்தால் இறக்கையைப் பார்த்து நின்று எழுப்பி, அது நிலையாக நின்ற பிறகு திரும்பி ஓடுவார்கள். இரண்டாவது முறை தான் நல்லது. நூலில் சிக்கு இருக்கிறதா, துணி முழுசா விரிந்ததா என்று கண்ணால் பார்த்து விடலாம். மணிக்கு 10 முதல் 15 கி.மீ. காற்று பழகுவதற்குத் தோதானது. 25-ஐத் தாண்டினால் கற்றுக்கொள்பவர்கள் இறக்கையைப் பையை விட்டே எடுக்கக் கூடாது.

பலத்த காற்றில் இறக்கை ஆளை இழுத்துக்கொண்டு போகும். அப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்து காலை ஊன்றி மல்லுக்கு நிற்பது தான் எல்லாரும் செய்யும் காரியம். அது தப்பு. நாம் இழுக்க இழுக்க அதற்குப் பலம் கூடும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அணைக்கும் பொத்தான். அடுத்து பின்வரிசை நூல்களையோ அல்லது ஒரு பக்க பிரேக்கையோ முழுசா சுருட்டி இழுத்துக்கொண்டு இறக்கையை நோக்கியே ஓட வேண்டும். கயிறு தளர்ந்தால் காளை அடங்குகிற மாதிரி துணி அடங்கி விடும்.

இந்த பழக்கத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பயத்தில் மனுசனின் கை தானாக என்ன செய்யும் என்று பாருங்கள். எதையாவது கெட்டியாகப் பிடித்து இழுக்கும். பைக்கில் பிரேக் பிடிப்பது போல. ஆகாயத்தில் இறக்கை லேசாக ஆடியதும் புதுசாகப் பறப்பவர் இரண்டு பிரேக்கையும் இடுப்பு வரை இழுத்து விடுகிறார். இறக்கைக்கு முன்வேகம் போய், உள்ளே இருந்த காற்றும் போய், கொத்தாகப் பின்னால் விழுகிறது. சும்மா விட்டிருந்தால் அதுவே சரியாகியிருக்கும். பெரும்பாலான இறக்கைகளை, முக்கியமாக புதியவர்களுக்கான ரகத்தை, தானாக விரிந்துகொள்ளும்படி தான் செய்கிறார்கள். அதைக் கெடுப்பது பயந்த கை. தரையில் ஐம்பது தடவை, நூறு தடவை எழுப்பி இறக்கியவனின் கை தான் மேலே போய் அடங்கி இருக்கும். யூடியூப் பார்த்து இந்த பழக்கம் வராது.

விரலை வெட்டும் காற்றாடி

பறக்கும்போது தான் ஆபத்து என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. கை, விரல் போகிற காயங்கள் அதிகமும் தரையில் நின்று இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது தான் நடக்கிறது.

மெஷினைத் தரையில் வைத்து, ஒரு கையால் கூண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுப்பார்கள். ஆக்சிலேட்டர் கேபிள் எங்காவது மாட்டியிருந்தால் இன்ஜின் எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில் உறுமும். 50, 60 கிலோவுக்கும் மேலே தள்ளும் விசை. மெஷின் பாய்ந்து வரும். பிடிக்கப் போன கை வலைக்குள் போய் விடும். நிமிடத்துக்கு 2 ஆயிரம் சுற்றுக்கும் மேலே சுற்றுகிற காற்றாடி எலும்பைப் பார்க்காது. முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுவது நல்லது. முடியாவிட்டால் மெஷினை அசையாதபடி அண்டக் கொடுத்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துத் தான் கயிற்றில் கை வைக்க வேண்டும். வேடிக்கை பார்க்கிற குழந்தைகள் காற்றாடிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ நிற்கவே கூடாது. சின்ன கல்லைக் கூட அது உண்டிவில் மாதிரி அடித்து விடும்.

அப்புறம் பெல்ட். தொடையைச் சுற்றி மாட்டும் இரண்டு பட்டை தான் ஆளைத் தாங்குகிறது. இன்ஜினைக் கீழே வைத்து விட்டு யாரிடமாவது பேசி விட்டு வந்து மறுபடி மாட்டும்போது தொடைப் பட்டையை மறந்து விடுவார்கள். மேலே போன பிறகு தான் தெரியும், கைப்பிடியில் தொங்கிக்கொண்டு இருக்கிறோம் என்று. 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் இமாச்சலபிரதேசம் குலு அருகே டோபி என்ற இடத்தில் பாராகிளைடரில் போன தெலுங்கானா பெண் சுற்றுலாப் பயணி விழுந்து இறந்தார். பெல்ட்டை ஒழுங்காகப் பார்க்காதது தான் காரணம் என்று முதல் கட்ட விசாரணையில் கூறப்பட்டு பைலட் கைது செய்யப்பட்டார். திருவிழா, பொருட்காட்சியில் காசு கொடுத்து ஏறுகிறவர்கள் பைலட்டை நம்பி உட்கார்ந்து விடாமல், தொடைப் பட்டையைத் தாங்களே கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆடிக் காத்து சும்மா இல்லை

இப்போது நம்ம ஊர் கதைக்கு வருவோம்.

ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும் என்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நின்றாலும் பாலக்காடு கிட்டே சுமார் 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு ஒரு பெரிய சந்து இருக்கிறது. தென்மேற்கு பருவக்காற்று அந்த சந்தில் புகுந்து, குழாய் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீர் சீறுவது போல வேகம் பிடித்து கோவை, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், காங்கயம், வெள்ளகோவில் என்று அடித்துக்கொண்டு வருகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் கணவாய்களோடு பாலக்காடும் தமிழ்நாட்டின் காற்றாலை மின்சாரத்துக்கு முக்கியமான பாதை. மே முதல் செப்டம்பர் வரை தான் காற்றாலைக்கு அறுவடைக் காலம்.

காற்றாலைக்கு அறுவடை என்றால் துணி இறக்கைக்கு அது ஆகாது. கணக்கு எளிது. பாராமோட்டாரின் சாதாரண வேகம் மணிக்கு 40 கி.மீ. என்று வையுங்கள். மேல்காத்து 30 கி.மீ. அடிக்கிறது. வெள்ளகோவிலில் கிளம்பி கரூர் ரோடு பக்கம், காற்றோடு கிழக்கே போனால் 70 கி.மீ. வேகம். 12 கி.மீ. தூரத்தைப் பத்தே நிமிடத்தில் கடந்து விடலாம். திரும்பி வரும்போது காற்றை எதிர்த்து வெறும் 10 கி.மீ. வேகம் தான். ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகும். பெட்ரோல் அதற்குள் தீர்ந்து போகலாம். காற்று 40 ஆனால் ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டியது தான். 50 ஆனால் முகம் மேற்கே பார்க்க, ஆள் பின்னாலேயே கிழக்கே போவார். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது.

காற்று வேண்டாம் என்று கிளம்பினாலும் ஏமாறலாம். விடியற்காலையில் தரையில் இலை அசையாது. ஆனால் 100 மீட்டர் உயரத்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். ராத்திரி குளிர்ந்த தரைக்காற்று கீழே படுத்துக்கொள்ள, மேலே இருக்கும் காற்று அதன் மீது வழுக்கிக்கொண்டு ஓடுவதால் இப்படி. இதைக் கண்டுபிடிக்க நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. வாசலில் வேப்ப இலை அசையாமல் இருக்கும்போது தூரத்துக் காற்றாலை சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் மேலே காற்று இருக்கிறது என்று அர்த்தம். காற்றாலையின் முகம் எந்த திசையைப் பார்த்து இருக்கிறதோ, காற்று அங்கிருந்து வருகிறது. இத்தனை கோடி ரூபாய் கருவியை நமக்காக இலவசமாக நட்டு வைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளலாம், கிட்டே போகக் கூடாது. காற்றாலையைத் தாண்டி வருகிற காற்று கலங்கி, சுழித்து வரும். அந்த கலக்கம் பல நூறு மீட்டர் தூரத்துக்கு இருக்கும். மரத்தோப்பு, குன்று, மில் கட்டிடம் எல்லாவற்றுக்கும் இதே கதை தான். அதன் பின்பக்கம் பறந்தால் இறக்கை மடங்கும்.

வெயில் ஏறிய பிறகு வேறு தொல்லை. மானாவாரிக் காடு சூடாகி, சூட்டுக்காற்று குமிழ் குமிழாக மேலே எழும்பும். பங்குனி, சித்திரையில் மதிய நேரம் புழுதியையும் சருகையும் சுருட்டிக்கொண்டு சுழற்காற்று நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மாட்டினால் இறக்கை சுருட்டிய பாய் தான். அதனால் சூரியன் உதித்து இரண்டு மணி நேரம், மறைவதற்கு முன் இரண்டு மணி நேரம், இவ்வளவு தான் புதியவர்களுக்கான நேரம். இமாச்சலபிரதேசத்தில் மழைக் காலமான ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்குக்கு அரசே தடை போடுகிறது. நம்ம பகுதிக்கு வைகாசி முதல் ஆவணி வரை அப்படி ஒரு கட்டுப்பாட்டை பறப்பவர்களே தங்களுக்குப் போட்டுக்கொண்டால் நல்லது என்பது நம் கருத்து.

தை மாதம் காற்று சாதுவாக இருக்கும். பொள்ளாச்சியில் பலூன் திருவிழாவை பொங்கல் சமயத்தில் வைப்பது சும்மா இல்லை. ஆனால் அப்போதும் காற்று தன் வேலையைக் காட்டும். 2025-ம் ஆண்டு ஜனவரியில் பொள்ளாச்சியில் கிளம்பிய பலூன் ஒன்று, உள்ளே சிறுமிகளும் இருக்க, மாநில எல்லையைத் தாண்டி பாலக்காடு மாவட்டத்தில் வயலில் போய் இறங்கியது. நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆடியில் கிழக்கே தள்ளுகிற அதே சந்து, மார்கழி, தையில் காற்றை மேற்கே உறிஞ்சுகிறது.

கம்பி, கிணறு, வாய்க்கால்

வெள்ளகோவில் சுற்று வட்டாரத்தில் காற்றை விட பெரிய எமன் கம்பி தான். ஒவ்வொரு தோட்டத்துக்கும் மோட்டார் கனெக்சன். குறுக்கும் நெடுக்கும் மின்கம்பி. மேலே இருந்து பார்த்தால் கம்பம் தெரியும், கம்பி தெரியாது. இது போக உயர்மின் கோபுரங்கள். ராய்கர்-புகளூர் 800 கிலோ வோல்ட் லைன் உள்பட பல லைன்கள் கொங்கு மண்டல விளைநிலங்கள் வழியாகப் போகின்றன. விவசாயிகள் மாதக்கணக்கில் போராடியது நினைவிருக்கும். பறப்பவர்கள் இரண்டு கம்பத்தைப் பார்த்தால் நடுவில் கம்பி உண்டு என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கடக்க வேண்டியிருந்தால் கோபுரத்துக்கு நேர் மேலே, நல்ல உயரத்தில் கடக்க வேண்டும். கோபுரத்தின் உச்சியை விட உயரமாகக் கம்பி இருக்காது.

கேரள மாநிலம் வர்க்கலா பாபநாசம் கடற்கரையில் 2023 மார்ச் மாதம் பாராகிளைடர் ஒன்று உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் மாட்டிக்கொண்டது. அதில் இருந்த பெண் நம்ம கோவையைச் சேர்ந்தவர். பைலட்டும் அவரும் ஒரு மணி நேரத்துக்கும் மேலே அந்தரத்தில் தொங்கினார்கள். தீயணைப்பு படையினர் கீழே வலை கட்டி உயிரோடு மீட்டார்கள். அது விளக்குக் கம்பம் என்பதால் பிழைத்தார்கள். உயர் அழுத்த மின்கம்பியாக இருந்திருந்தால்?

தண்ணீரும் அதே மாதிரி தான். 2020-ம் ஆண்டு அக்டோபரில் கர்நாடக மாநிலம் கார்வார் கடற்கரையில் பாராமோட்டார் கடலில் விழுந்து கடற்படை கேப்டன் ஒருவர் உயிரிழந்தார். கடற்படை அதிகாரிக்கே அந்த நிலைமை. முதுகில் 30 கிலோ இரும்பு, மேலே சுற்றி விழும் நூல். நீச்சல் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. நம்ம பக்கம் கடல் இல்லாவிட்டால் என்ன, சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை? பி.ஏ.பி. வாய்க்கால் ஓரத்தில் பறப்பதும் வேண்டாத வேலை.

இன்னொரு விஷயம். தாழப் பறந்தால் பத்திரம் என்ற நினைப்பு பொய். உயரம் தான் பத்திரம். இறக்கை மடங்கினால் விரிய நேரம் வேண்டும். அவசர பாராசூட் பிரிய உயரம் வேண்டும். செல்பிக்காகவும், கீழே நிற்கும் கூட்டம் கை தட்டுவதற்காகவும் தென்னை மட்டத்தில் பறப்பவருக்கு அவசர பாராசூட் வெறும் சுமை.

போலீஸ் என்ன சொல்லும்?

விளையாட்டுக்குத் தானே என்று யாரையும் கேட்காமல் பறக்க முடியாது. சூலூரில் விமானப்படை தளம், பீளமேட்டில் விமான நிலையம். வெள்ளகோவில் அங்கிருந்து 60 கி.மீ.க்கு மேல் தள்ளி இருந்தாலும் ஆகாயத்துக்கு வேலி தெரியாது. மத்திய அரசு 2022 ஜூன் மாதம் தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. பாராமோட்டாரும் அந்த பட்டியலில் இருக்கிறது. இந்திய வான் விளையாட்டு சம்மேளனம் தான் இதற்குத் தலைமை அமைப்பு. கிளம்பும் முன் உள்ளூர் போலீஸ், விமானத் துறை இரண்டு பக்கமும் கேட்டு விடுவது தான் முறை. குடியரசு தினம், சுதந்திர தினம் நெருங்கும்போது டெல்லி போலீசார் பாராகிளைடர், பாராமோட்டார், டிரோன் எல்லாவற்றுக்கும் சேர்த்து தடை போடுவது வழக்கம். 2023 அக்டோபர் 7-ந்தேதி இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலில் பாராமோட்டாரும் பயன்படுத்தப்பட்ட பிறகு எந்த நாட்டு போலீசும் இதை விளையாட்டுச் சாமானாக மட்டும் பார்ப்பதில்லை.

அதற்காக இது பைத்தியக்கார வேலை என்று சொல்லி விடவும் முடியாது. 2016-ம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம்ம விமானப்படை வீரர்கள் மேற்கு வங்காள மாநிலம் கலைகுண்டாவில் கிளம்பி, பாராமோட்டாரிலேயே சுமார் 10 ஆயிரம் கி.மீ. இந்தியாவைச் சுற்றி வந்தார்கள். அவர்களிடமும் இதே துணி, இதே டூ ஸ்ட்ரோக் இன்ஜின் தான். கூடவே பயிற்சியும், தரையில் பின்தொடர்ந்து வர ஒரு குழுவும் இருந்தது.

நம்ம காட்டில் இறங்கினால்..

கடைசியாக, பறக்காதவர்களுக்கும் ஒரு விஷயம். பறக்கிற ஆள் எங்கே இறங்குவார் என்பது பல நேரம் அவர் கையில் இல்லை. திடீரென்று உங்கள் சோளக்காட்டிலோ முருங்கைத் தோட்டத்திலோ வந்து விழலாம். ஓடிப் போய் உதவி செய்ய நினைப்பது நம்ம குணம். கொஞ்சம் பார்த்து ஓட வேண்டும்.

காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டால் பின்பக்கமாகப் போகக் கூடாது. முன்பக்கம் நின்று கையைக் காட்டி இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். துணி காற்றில் ஆளை இழுத்துக்கொண்டு போனால் நூலைக் கையால் பிடிக்க வேண்டாம். சன்னமான நூல் விரலை அறுத்து விடும். துணியின் ஒரு ஓரத்தைப் பிடித்துச் சுருட்டினாலே அடங்கி விடும். மாடு, எருமையைத் தள்ளிக் கட்டுங்கள். காயம்பட்டவரை உடனே தூக்கி உட்கார வைப்பது, ஹெல்மெட்டைக் கழற்றுவது, தண்ணீர் கொடுப்பது எதுவும் வேண்டாம். முதுகெலும்பு உடைந்திருந்தால் தூக்குவதாலேயே கால் போய் விடும். படுத்த நிலையிலேயே விட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். கிணற்றில் விழுந்தால் முதலில் பட்டையை அறுத்து இன்ஜினைப் பிரித்து விட வேண்டும். ஆளோடு சேர்த்து இழுத்தால் மேலே வராது.

மின்கம்பியில் துணியோ நூலோ மாட்டியிருந்தால், ஆள் கீழே தொங்கிக்கொண்டு கூப்பிட்டால் கூட, குச்சியால் தட்டவும் கூடாது, காலைப் பிடிக்கவும் கூடாது. பச்சைக் குச்சியிலும் ஈரத் துணியிலும் கரண்ட் பாயும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. எந்த ஊர், எந்த டிரான்ஸ்பார்மர் என்று சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். கரண்ட் நின்று விட்டது என்று லைன்மேன் வாயால் சொன்ன பிறகு தான் கிட்டே போக வேண்டும்.